"இனி வராது": ஒரு வணிகச் சொல்லின் வரலாறு

அரச உத்தியோகத்தர்களுக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் பொதுவான சொல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. இரு சாராரும் 'ஓய்வு பெறுகின்றனர்'. ஒரு பொம்மையின் உற்பத்தியை நிறுவனம் நிறுத்திவிட்டால் அது ஓய்வு பெற்றுவிட்டது என்பர் அந்த வணிகத்தில் ஈடுபட்டோர். உத்தியோகத்தர் ஓய்வு பெற்றால் வருமானம் குறைகிறது. பொம்மை ஓய்வு பெற்றால் அதன் விலை கூடுகிறது. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் ஒப்பந்த அடிப்படையில் மீண்டும் அதே நாற்காலியில் வந்து அமர்வதை நம் நாட்டில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம். பொம்மைகளும் அவ்வாறு திரும்பி வருவதுண்டு. அப்படி வரும்போது யார் நட்டப்படுகின்றனர், அந்த நட்டத்தில் விற்றவரின் நேர்மைக்கு எவ்வளவு பங்கு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சிறுவர் விளையாட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் நம்மவர் வீடுகளில் பிரிக்கப்படாத பெட்டிகள் அலுமாரிகளில் அடுக்கப்பட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் விளையாடுவதற்காக வாங்கியவை அல்ல அவை. தங்கத்தையும் காணியையும் போல, நாளை விலை கூடும் என்று வாங்கி வைத்தவை. சேமிப்பு புகுந்த இடத்தில் ஏமாற்றும் புகுவது இயல்பு.

இந்த வணிகத்தின் நடுநாயகமாக விளங்குவது லெகோ. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய தொழில் அது. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கியே அந்தப் பெயர் உருவானது. மரப் பொம்மைகளில் தொடங்கிய நிறுவனம் பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறியது. இன்று நாம் காணும் இணைப்பு முறை கொண்ட கட்டைக்கு 1958 ஜனவரியில் காப்புரிமை கோரப்பட்டது. அந்த ஆண்டுக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். கட்டைகள் ஆண்டு தோறும் உற்பத்தியாகின்றன; ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்கோ கப்பலுக்கோ வேண்டிய கட்டைகளை வழிகாட்டி நூலோடு சேர்த்து அடைத்த பெட்டிதான் சில ஆண்டுகளில் நிறுத்தப்படுகிறது. ஆகவே, இங்கே அருமையாவது பொருள் என்பதைவிட, பொருளின் தொகுப்பு என்பதே பொருந்தும்.

நிறுத்தப்பட்ட பெட்டிகளின் விலை உயர்வு வெறும் வதந்தி அன்று. 1987 முதல் 2015 வரை வெளியான 2,322 லெகோ தொகுப்புகளின் விலைகளை ரஷ்யப் பொருளியல் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்தனர். சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதமேனும் வருவாய் கிடைத்ததாக அவர்கள் கண்டனர். உற்பத்தி நின்று இரண்டு, மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே விலை ஏறத் தொடங்குகிறது என்பதும் அவர்களின் முடிவு. அதே ஆய்வில் விலை பாதியாகக் குறைந்த தொகுப்புகளும் உள்ளன. முதற் செய்தி வேகமாகப் பரவியது. பின்னையது பலருடைய செவிக்கு எட்டவில்லை.

இதற்குச் சிறந்த உதாரணம் ஆக்ராவில் உள்ள கட்டடத்தின் சிற்றுருவம்தான். 2008இல் தாஜ்மஹால் தொகுப்பை லெகோ வெளியிட்டது. பெட்டியின் இலக்கம் 10189. துண்டுகள் 5,922. அதுவரை வெளியான தொகுப்புகளில் அதுவே அதிகத் துண்டுகளைக் கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 300 டொலருக்கு விற்பனையானது. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பின்னர் பிரிக்கப்படாத பெட்டி 2,000 டொலருக்கு மேலும் கைமாறியது. "இனி ஒருபோதும் வராது" என்ற வாசகம் விற்பனை விளம்பரங்களோடு ஒட்டிக்கொண்டது.

2017 நவம்பரில் அது வந்தது. பெட்டியின் இலக்கம் 10256. துண்டுகள் 5,923, பழையதைவிட ஒன்றே ஒன்று கூடுதல். விலை ஏறத்தாழ 370 டொலர். கட்டடத்தைக் கட்டி மேசையில் வைக்க விரும்பியவருக்குப் பழைய பெட்டியின் தேவை அன்றோடு அற்றுப்போனது. பழைய பெட்டியின் சந்தை விலை சரிந்தது. முதல் வெளியீட்டின் பெட்டிதான் வேண்டும் என்ற சேகரிப்பாளர் சிலருக்கு மட்டுமே அது பொருட்படுத்தத்தக்கதாக எஞ்சியது. 2007இல் வந்து நிறுத்தப்பட்ட 'மில்லேனியம் ஃபால்கன்' விண்கலத்துக்கும் அதே 2017இல் அதைவிடப் பெரிய வாரிசு ஒன்று வெளியாயிற்று.

இந்நிகழ்வில் நிறுவனத்தை நான் குறை கூறமாட்டேன். தனது பொருளை மீண்டும் செய்யும் உரிமை அதற்கு உண்டு. என்றென்றைக்கும் செய்யமாட்டேன் என்று அது சத்தியம் செய்து கொடுக்கவும் இல்லை. அந்தச் சத்தியத்தை நிறுவனத்தின் சார்பில், அதன் அனுமதியின்றிச் செய்து கொடுத்தவர் மீள்விற்பனையாளர். "நிறுத்தப்பட்டது" என்பது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய கூற்று, அது உண்மை. "இனி வராது" என்பது எதிர்காலத்தைப் பற்றிய கூற்று. அதைச் சொல்லும் தகுதி விற்பவருக்கு இருக்கவில்லை. முதலாவதன் உண்மையை இரண்டாவதற்கு இரவல் கொடுத்ததிலேயே பிழை தொடங்கியது.

உற்பத்தியாளரே வாய் திறந்து "முடிந்துவிட்டது" என்று சொன்னாலும் அதை நம்பலாமா? அமெரிக்காவில் நடந்த மற்றொரு கதை அதற்கும் பதில் தருகிறது. சிக்காகோவுக்கு அருகே இயங்கிய டை என்ற நிறுவனம் 1993இல் 'பீனி பேபிஸ்' என்ற சிறிய துணிப் பொம்மைகளை அறிமுகப்படுத்தியது. ஒன்றின் விலை ஏறத்தாழ ஐந்து டொலர். குறிப்பிட்ட சில உருவங்களை நிறுத்திவிட்டதாக நிறுவனம் அவ்வப்போது அறிவிக்கும். உடனே அவற்றின் விலை பன்மடங்காகும். அப்போது புதிதாகப் பிறந்திருந்த ஈபே என்ற இணைய ஏலச் சந்தையின் ஆரம்பகால விற்பனையில் கணிசமான பங்கு இப்பொம்மைகளுடையது. 1999இல் லாஸ் வேகாஸ் நகர நீதிமன்றமொன்றில், மணமுறிவு பெற்ற தம்பதியர் தம்மிடமிருந்த பொம்மைகளைத் தரையில் குவித்து, ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்ட புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது.

அந்த ஆண்டின் ஓகஸ்ட் மாத இறுதியில், டிசெம்பர் 31ஆம் திகதியோடு எல்லாப் பொம்மைகளும் நிறுத்தப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. 'முடிவு' என்று பெயரிட்ட கறுப்புக் கரடி ஒன்றையும் வெளியிட்டது. மக்கள் கடைகளை முற்றுகையிட்டனர். டிசெம்பர் மாதக் கடைசியில் அறிவிப்பு மாறியது. தொடர்வதா, நிறுத்துவதா என்று பொதுமக்களே வாக்களிக்கலாம். ஒரு வாக்குக்கு 50 சதம். சேரும் தொகை சிறுவர் எயிட்ஸ் நோய்க்கு எதிரான அறக்கட்டளைக்கு. முடிவு யாவரும் எதிர்பார்த்ததே. 2000ஆம் ஆண்டில் புதிய பொம்மைகள் வந்தன. ஆனால் விலைகள் எழவில்லை. பிள்ளைகளின் பல்கலைக்கழகச் செலவுக்காகப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்தோரிடம் பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய துணிப் பொம்மைகள் மட்டுமே எஞ்சின.

மேற்கூறிய இரண்டு கதைகளிலும் விற்றவர்களுள் பெரும்பாலோர் தாம் சொன்னதைத் தாமே நம்பியிருக்கக்கூடும். அவர்களைப் பொய்யர் என்பது நியாயமாகாது. கடினமான கேள்வி வேறொருவரைப் பற்றியது. பழைய தாஜ்மஹால் பெட்டி ஒன்றைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு, புதிய பெட்டி அடுத்த வாரம் வருகிறது என்ற செய்தி எட்டிவிடுகிறது. வாங்க வந்தவருக்கு அது தெரியாது. விற்பவர் பொய் எதுவும் சொல்லவில்லை. "நிறுத்தப்பட்ட தொகுப்பு" என்று மட்டும் கூறிப் பழைய விலைக்கே விற்றுவிடுகிறார். இவர் நேர்மையானவரா?

இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல். உரோமப் பேச்சாளர் சிசரோ, கி.மு. 44இல், ஏதென்ஸில் கல்வி கற்றுக்கொண்டிருந்த தமது மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் ஒரு தானிய வணிகரின் கதை வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒருவர் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். தமக்குப் பின்னால் மேலும் பல தானியக் கப்பல்கள் புறப்பட்டு வருவதை அவர் வழியில் கண்டிருக்கிறார். அதை அவர் ஊராரிடம் சொல்ல வேண்டுமா, மௌனமாக இருந்து அதிக விலைக்கு விற்கலாமா?

ஸ்தோயிக் மெய்யியலாளர் இருவரின் கருத்துகளைச் சிசரோ எதிரெதிரே நிறுத்துகிறார். பாபிலோனின் டயோஜெனிசுக்கு, சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும். சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு. எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டுமென்றால் விற்பனை என்பதே இல்லாமற் போய்விடும், தானம் மட்டுமே மிஞ்சும் என்பது அவர் வாதம். அவருடைய மாணவர் அன்டிபேட்டரோ, வாங்குபவர் அறியாத எதையும் விற்பவர் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது என்கிறார். சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார். மற்றவர் அறிந்தால் அவருக்கு நன்மை தரும் ஒன்றை, நமது இலாபத்துக்காக அவர் அறியாதிருக்க வேண்டும் என்று விரும்பினால், அது வெறும் மௌனம் ஆகாது, மறைப்பே ஆகும் என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, குடாநாட்டுக்கு வேண்டிய உணவுப் பொருள்கள் கப்பலில் வந்தே ஆகவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. செய்தி மேசையில் இருந்த எமக்குக் கப்பல் பற்றிய ஒவ்வொரு வரியின் கனமும் தெரியும். "கப்பல் இனி வராது" என்ற ஒரு பேச்சு போதும், பிற்பகலுக்குள் சீனியின் விலை மாறிவிடும். பசியையும் பொம்மையையும் ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஆனால் "இனி வராது" என்ற இரண்டு சொற்கள் இரண்டு இடங்களிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. யோசிக்க வேண்டிய மனிதரை அவசரப்பட வைக்கின்றன.

அவசரப்பட வைப்பதையே சட்டமும் குற்றமாகக் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் நியாயமற்ற வணிக நடைமுறைகள் பற்றி ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. எந்நிலையிலும் தடைசெய்யப்பட்டவை என அதன் இணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. பொருளொன்று மிகக் குறுகிய காலத்துக்கே கிடைக்கும் என்று பொய்யாகக் கூறி, யோசித்து முடிவெடுக்கும் வாய்ப்பை வாங்குபவரிடமிருந்து பறிப்பது அப்பட்டியலில் ஏழாவது. ஆனால் அந்தப் பணிப்புரை வணிகர்களை நோக்கியது. தமது வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து விற்கும் தனிமனிதர் அதன் எல்லைக்குள் வருவதில்லை. அவரிடம் சட்டம் கேட்பது சொற்பம்; டயோஜெனிசின் அளவுகோலின்படி அவர் சொல்ல வேண்டியதும் சொற்பம். எஞ்சியதை அவர் தாமே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அது ஒன்றும் பெரிய தியாகம் அல்ல. மூன்று நிலைகளைப் பிரித்துச் சொன்னாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். பக்கத்துக் கடையில் முடிந்துவிட்டது என்பது ஒரு நிலை. நிறுவனத்திடம் தற்காலிகமாக இருப்பில் இல்லை என்பது இன்னொரு நிலை. உற்பத்தியை நிறுத்திவிட்டதாக நிறுவனமே கூறியுள்ளது என்பது மூன்றாவது. முதலிரண்டையும் மூன்றாவதாக ஆக்கிக் காட்டுவது பொய். மூன்றாவதை "இனி வராது" என்று நீட்டுவது ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லி விற்பதில் தவறில்லை. பெட்டியின் இலக்கத்தையும் வெளியான ஆண்டையும் குறிப்பிட வேண்டும். அதே உருவம் வேறு இலக்கத்தில் மீண்டும் வந்திருந்தால், அல்லது வரப்போவதாக அறிந்திருந்தால், அதையும் கூற வேண்டும். முதல் வெளியீடுதான் வேண்டும் என்ற சேகரிப்பாளர் அதைக் கேட்டுவிட்டுப் போய்விடமாட்டார். கட்டி மகிழ விரும்பிய தகப்பன் போய்விடுவார். அவர் போகட்டும் என்று விடுவதற்கான விலை, சில நூறு டொலர்.

2017இல் பழைய பெட்டிகளோடு எஞ்சியவர்களுள், செய்தி அறிந்த பின் வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லிவிட்டு நட்டத்தை ஏற்றவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. விலை ஏறினால் செய்தி, சரிந்தால் செய்தி. ஒருவர் உண்மையைச் சொல்லி ஒரு விற்பனையை இழந்தது எங்கும் பதிவாவதில்லை. ஆயினும், முகம் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பெட்டிக்காகக் காத்திருக்க இன்றும் மனிதர்கள் துணிகிறார்கள் என்றால், பதிவாகாத அவர்களே அதற்குக் காரணம்.