குலுக்கத்தின் வரலாறு: ஹல்துமுல்லை மலைப்பாதைகளில்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறும் ஏ-4 நெடுஞ்சாலையில், ஹல்துமுல்லைக்கு முன்னர் களுபஹன என்ற சிற்றூர் உண்டு. அங்கிருந்து ஒரு கிளைப்பாதை, 263 மீற்றர் உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் பக்கமாக ஏறி, உடவேரிய தோட்டத்தைக் கடந்து ஒகியவை அடைகிறது. 'பிசாசின் படிக்கட்டு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு. உயரம் கூட்டிய ஜீப்புகளில் அங்கு வரும் இளைஞர்களிடம் நான் பலமுறை கேட்டிருக்கும் விவாதம் ஒன்றுதான்: குலுங்காமல் ஓட எந்த ஷாக் அப்சோபரைப் பூட்டுவது?

விளையாட்டான கேள்வி போலத் தோன்றினாலும், ஊவாவின் தோட்டப்பாதைகளுக்கு அது மிகப் பழைய கேள்வி.

கண்டியரசர் காலத்தில் இக்கணவாய்களைக் கடந்தவை தவலம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள். கோப்பிக் காலத்தில் மாட்டுவண்டிகள் வந்தன. இங்கிலாந்தில் ஒபடையா எலியட் என்பவர் 1804 இல் குதிரைவண்டிகளுக்கான நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் நமது பாரவண்டியின் அச்சு பெட்டியோடு நேரே பிணைந்தே கிடந்தது. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். மலைச்சரிவிலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்தை இறக்க அவர் கம்பிவடங்களை அமைத்தார். நோக்கம் விரைவும் சிக்கனமும்தான். ஆயினும் கொழுந்து மூட்டை ஆகாயத்தில் அலுங்காமல் சென்றது. அதைக் கொய்த பெண் கல்லிலும் மேட்டிலும் நடந்தாள்.

1893 இல் புகையிரதம் அப்புத்தளையை எட்டியது. 1924 இல் பதுளையை. ஆனால் நிலையத்திலிருந்து லயத்துக்குச் செல்லும் பாதை பழைய பாதையாகவே இருந்தது.

அப்பாதைகளுக்கென்றே பிறந்தது போல வந்தது லாண்ட் ரோவர். 1948 இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அவ்வண்டி பட்டைவில்களின் மீது நின்றது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டம் ஓரளவு தானே அடங்கும், சுமையும் தாங்கும். ஆனால் வெறுமையாக ஓடும்போது முதுகெலும்பைப் பதம் பார்க்கும். 1970 இல் அதே நிறுவனம் ரேஞ்ச் ரோவரில் நீண்ட சுருள்வில்களைப் பொருத்தியது. 1983 இல் வேலைக்கார வண்டியான வன் டென்னுக்கும் அவை வந்தன. மென்மையான வில், சக்கரத்தைப் பள்ளத்தில் இறங்கவும் கல்லில் ஏறவும் விடுகிறது. சக்கரம் நிலத்தை விட்டு எழாததால் பிடிமானமும் கூடுகிறது. சொகுசும் மலையேறும் வலுவும் பகையல்ல என்பதை அந்த வண்டிகள் காட்டின.

இனி ஷாக் அப்சோபருக்கு வருவோம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது வில். அதிர்ந்த வில்லை அடக்குவதே இதன் வேலை. உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளூடாகத் தள்ளப்பட்டு, ஆட்டம் வெப்பமாக மாறுகிறது. கற்பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி, காற்றோடு கலந்து நுரைக்கும். அடக்கும் வலு குன்றும். எண்ணெயையும் அழுத்தப்பட்ட வாயுவையும் மிதக்கும் தட்டொன்றால் பிரித்துவைக்கும் ஒற்றைக்குழாய் முறை நுரைப்பைத் தடுக்கும். வெப்பத்தையும் விரைவில் வெளிவிடும். ஆனால் அதன் வெளிக்குழாயில் கல்பட்டு நெளிந்தால் உள்ளிருக்கும் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாய் முறை அத்தகைய அடியை ஓரளவு பொறுக்கும், விலையும் குறைவு.

உயர்த்திய வண்டிக்கு முதலில் பார்க்கவேண்டியது பெயரை அல்ல, நீளத்தை. சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும், முழுதாக மேலெழும்போதும் உள்ள இடைவெளியை அளக்கவேண்டும். குட்டையானதைப் பூட்டினால் சக்கரம் கீழிறங்காது, இணைப்பும் பிய்ந்துபோகலாம். மிக நீண்டதென்றால், ரப்பர் தடுப்பு தாங்குமுன் ஷாக் அப்சோபரே மோதி உடையும். சுமையேற்றாத வண்டிக்குப் பாரவண்டிக்குரிய விறைப்பான வில்லும் ஷாக் அப்சோபரும் பூட்டுவது காசு கொடுத்துக் குலுக்கத்தை வாங்குவதாகும். உயர்ந்த வண்டி வளைவில் எளிதில் சாயும் என்பதால், அளவுக்கு மீறிய மென்மையும் ஆபத்து.

இந்த நுட்பமெல்லாம் யாருக்குப் பயன்பட்டது? லாண்ட் ரோவர் துரையின் வண்டியாக இருந்த காலத்திலும், 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்த பின்னரும், தொழிலாளிக்கு வாய்த்தது பெரும்பாலும் கொழுந்து லொறியும் ட்ரெக்டர் பெட்டியும்தான். அப்பெட்டிகள் பலவற்றில் வில்லே கிடையாது. பிரசவ வேதனையில் துடித்த பெண்களும் அவற்றிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயினர். சாக்கை மடித்து விரித்து, தலையை மடியில் ஏந்திக்கொள்ளும் உறவினர் கைகளே அங்கு ஷாக் அப்சோபர்.

2014 ஒக்டோபர் 29 அன்று இதே ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள மீரியபெத்தையை மண் மூடியபோது, ஒரு தோட்டப்பாதை எத்தனை உயிர்களுக்கு ஒரே வழி என்பதை நாடு கண்டது. ஆகவே, படிக்கட்டில் ஏறும் இளைஞர்கள் எந்த ஷாக் அப்சோபரைத் தெரிந்தாலும் நல்லதே. மழைக்காலத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டுப் பாதையைக் கிளறாமல் இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு அது விடுமுறைப் பாதை. லயத்திலிருப்போருக்கு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்குமான பாதை.

துரைமார் பலர் தம் நினைவுகளைப் புத்தகமாக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற சாரதிகளும், உடைந்த வில்லை இரவோடிரவாகக் கட்டி அனுப்பிய கராஜ்காரர்களும் எழுதியது மிகக் குறைவு. அவர்களில் முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டு எழுதிவைப்பது நம் கடமை.