விசையுந்து டயர் காற்றழுத்தம்

விசையுந்து டயர் காற்றழுத்தம் என்பது மோட்டார் சைக்கிள் டயரினுள் அடைக்கப்பட்ட காற்று, வெளிக்காற்றைக் காட்டிலும் எவ்வளவு கூடுதலாக அழுத்துகிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். இந்தியாவில் இது பெரும்பாலும் பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அலகிலும் ஐரோப்பாவில் பார் அலகிலும் சொல்லப்படுகிறது. 1 பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. ஆகும். ஒரே வண்டிக்குச் சாலையில் ஓர் அளவும் பந்தயத் தடத்தில் வேறோர் அளவும் பொருந்தும். சாலைக்குரிய அளவு டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கப்படுவது. பந்தயத்துக்குரியது பெரும்பாலும் டயர் சூடேறிய பின் பார்க்கப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது அடிக்கடி நேரும் பிழையாகும். நெடுஞ்சாலையில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அடிப்படை

வண்டியின் சுமையைப் பெருமளவு தாங்குவது டயரின் ரப்பர் அன்று, உள்ளிருக்கும் காற்றே. பின் சக்கரத்தின் மீது 140 கிலோகிராம் சுமை இருந்து, காற்றழுத்தம் 36 பி.எஸ்.ஐ. ஆனால் (ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.5 கிலோகிராம்), டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 55 சதுர செ.மீ. இருக்கும். அழுத்தத்தை 28 ஆகக் குறைத்தால் அது 70 சதுர செ.மீ.யைத் தாண்டும். டயரின் பக்கச்சுவர்களும் சிறிது சுமையைத் தாங்குவதால் இது தோராயக் கணக்கே.

தொடுபரப்பு கூடினால் பிடிமானமும் கூடும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பாதி உண்மையே. அழுத்தம் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கம் வெப்பமாக மாறுகிறது. ரப்பர் தனக்கு ஏற்ற வெப்பநிலையை எட்டும்வரை இது நன்மை. அதைத் தாண்டினால் ரப்பர் வழுக்கத் தொடங்கும், டயரின் உட்கூட்டு இழைகள் நலியும். எனவே காற்றழுத்தத்தைத் தேர்வது என்பது, ஒரு வகையில், டயர் எந்த வெப்பநிலையில் ஓட வேண்டும் என்பதைத் தேர்வதேயாகும்.

சாலையில்

சாலைப் பயணத்துக்கு வண்டி உற்பத்தியாளர் தரும் அளவே சரியானது. இது செயின் கவரிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டத்திலோ ஒட்டப்பட்ட சீட்டில் இருக்கும், கையேட்டிலும் காணலாம். 100 முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகள் பலவற்றில் முன் டயருக்கு 25, பின் டயருக்கு 28 பி.எஸ்.ஐ.யை ஒட்டியும், பெரிய விளையாட்டு வகை வண்டிகளில் முன் 36, பின் 36 முதல் 42 வரையும் குறிக்கப்படுகின்றன. பின்னிருக்கையில் ஆள் அமர்ந்தால் பின் டயருக்குத் தனி அளவு உண்டு. டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் எண் அதிகபட்ச சுமைக்கான அழுத்தமேயன்றி, பரிந்துரை அன்று.

இவ்வளவுகள் யாவும் வண்டி சில மணி நேரம் நின்று, டயர் குளிர்ந்த நிலைக்குரியவை. 30 பாகை செல்சியஸில் 36 பி.எஸ்.ஐ. அடைக்கப்பட்ட டயர் ஓடி 60 பாகையை எட்டும்போது, வளிம விதிப்படி, 41 காட்டும். உற்பத்தியாளர் இந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டே 36 என்று குறித்துள்ளார். பெட்ரோல் நிலையத்தில் 41ஐக் கண்டு, மிகையான காற்று என எண்ணி 36 ஆகக் குறைத்தால், மறுநாள் காலையில் டயரில் 31 மட்டுமே இருக்கும்.

கோடையில் டயர் வெடிக்காமலிருக்கக் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உள்ளது. இது தலைகீழான அறிவுரை. நல்ல நிலையிலுள்ள டயர் ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏற்றத்தால் வெடிப்பதில்லை. குறைந்த காற்றோடு, இருவர் சுமையோடு, நீண்ட நேரம் விரைவாக ஓடிச் சூடேறி உட்கூடு பிரியும்போதுதான் பெரும்பாலும் கிழிகிறது. டியூப் உள்ள சக்கரங்களில் இன்னொரு தீங்கும் உண்டு: காற்றுக் குறைந்தால் டயர் விளிம்பின் மீது நழுவி, டியூபையும் உடன் இழுத்து, வால்வை வேரோடு பிய்த்துவிடும்.

மழைக்காகக் காற்றைக் குறைப்பதும் பயனற்றது. நீர்ப்படலத்தின் மீது டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும் என்று நாசாவின் வால்டர் ஹார்ன் 1960களில் விமான டயர்களை ஆய்ந்து கண்டார். அவரது வாய்பாட்டின்படி 36 பி.எஸ்.ஐ.க்கு அவ்வேகம் மணிக்கு 100 கி.மீ., 25 பி.எஸ்.ஐ.க்கு 83 கி.மீ. விசையுந்து டயரின் வளைந்த முகம் நீரை எளிதில் விலக்குவதால் உண்மை எல்லை இதனினும் உயரும். எனினும் போக்கு அதுவே.

நைட்ரஜன் அடைப்பதால் பெரிய வேறுபாடு இல்லை. காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்; ஈரமின்மையே அதன் முதன்மையான சிறப்பு.

பந்தயத் தடத்தில்

தடத்தில் பின்னிருக்கைப் பயணியோ சுமையோ இல்லை. ஆனால் கடும் பிரேக்கும் முடுக்கமும் ஒவ்வொரு திருப்பத்திலும் டயரைச் சூடேற்றுகின்றன. சாலை அளவிலேயே ஓடினால் சூட்டில் அழுத்தம் வெகுவாக ஏறி, டயர் விறைத்துப் பிடிமானம் குறையும். ஆகவே சாலை டயரோடு தடத்துக்குச் செல்வோர் குளிர்ந்த அளவில் சில பி.எஸ்.ஐ. குறைத்துத் தொடங்கி, சில சுற்றுகள் ஓடிவந்த உடனேயே அழுத்தமானி வைத்துப் பார்த்துத் திருத்துவர். டயர் நிறுவனத்தின் அட்டவணையே இதற்கு வழிகாட்டி; நண்பர் சொன்ன எண் வேறொரு டயருக்குரியதாக இருக்கக்கூடும்.

சாலையில் பின் டயருக்கே அதிகக் காற்று. தடத்தில் பெரும்பாலும் முன் டயருக்கு. பிரேக் பிடிக்கையில் வண்டியின் எடை முழுதும் முன்னே சாய்வதால் முன் டயர் நசுங்காதிருக்க வேண்டும்; பின் டயரோ முடுக்கத்தைத் தரைக்குக் கடத்த விரிந்த பரப்பை நாடுகிறது. வரிப்பள்ளமற்ற பந்தய டயர்களில் பின்புறம் சூடான நிலையில் 25 பி.எஸ்.ஐ.யை ஒட்டிய அளவுகள் வழக்கம். இவை 80 பாகை வரை மின்போர்வையால் சூடேற்றப்பட்டு அளக்கப்படுகின்றன. அதே டயர் 30 பாகைக்குக் குளிர்ந்தால் 19 மட்டுமே காட்டும்.

மோட்டோ ஜிபி விதி

மிகக் குறைந்த அழுத்தத்தின் ஆபத்தை முன்னிட்டு மோட்டோ ஜிபி பந்தயங்களில் முன் டயருக்கு 1.88 பார் என்ற கீழெல்லை 2023 ஆகஸ்டில் பிரித்தானியப் பந்தயம் முதல் தண்டனையோடு நடைமுறைக்கு வந்தது. 2024இல் அது 1.8 பார் ஆகத் தளர்த்தப்பட்டது. முன்னே செல்லும் வண்டியின் வெப்பக் காற்றில் தொடர்பவருக்கு அழுத்தம் ஏறும், தனித்து முன்னே செல்பவருக்கு இறங்கும் என்பதால் இவ்விதி போட்டியின் போக்கையே மாற்றுகிறது. 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமில் முன்னிலையிலிருந்த மார்க் மார்க்கெஸ், தம் டயர் அழுத்தம் ஏறுவதற்காகவே தம்பி அலெக்ஸை முன்னே விட்டுப் பல சுற்றுகள் பின்தொடர்ந்து, இறுதியில் முந்தி வென்றார். அடுத்த மாதம் கத்தாரில் இரண்டாவதாக வந்த மாவெரிக் வின்யாலெஸ் இவ்விதியை மீறியதாக 16 நொடித் தண்டனை பெற்று 14ஆம் இடத்துக்கு இறங்கினார்.

தடத்திலிருந்து சாலைக்கு

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை தடத்துக்கு வருவோருள் சிலர் அதே வண்டியிலேயே வீடு திரும்புகின்றனர். வெளியே வந்தால் பெங்களூர் நெடுஞ்சாலை. தடத்துக்காகக் குறைத்த காற்றைப் புறப்படும் முன்பே சாலை அளவுக்கு ஏற்ற வேண்டும். அப்போது டயர் இன்னும் சூடாயிருந்தால், சீட்டிலுள்ள எண்ணைக் காட்டிலும் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக அடைத்து, மறுநாள் குளிர்ந்தபின் சரிபார்ப்பது தக்க முறையாகும்.