கௌஹர் ஜானின் மூன்று நிமிடங்கள்

பழைய ஒலித்தட்டுகளில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு அந்தக் குரல் பரிச்சயமானதுதான். பாட்டு முடிந்த கணத்திலேயே ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்!' கேட்பவர் செருக்கு என்று எண்ணக்கூடும். காரணம் எளியது. இந்தியாவில் பதிவானவை ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டுகளாக அச்சாயின. பாடியவர் யார் என்பது அங்குள்ள பணியாளருக்கு விளங்கவேண்டும். இருந்தாலும் அந்தத் தொனியில் செருக்கும் கொஞ்சம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. இருக்கட்டுமே.

1873இல் அஸம்கரில் பிறந்தபோது அவர் பெயர் ஏஞ்சலினா. தாய் விக்டோரியா, மணவாழ்க்கை முறிந்தபின் இஸ்லாத்தைத் தழுவி மல்கா ஜான் ஆனார். காசியில் இசையும் நடனமும் பயின்று, பிறகு மகளோடு கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். லக்னோவை இழந்த நவாப் வாஜித் அலி ஷா மட்டியாபுர்ஜில் தமது அவையைப் புதிதாய் அமைத்துக்கொண்டிருந்த ஊர் அது.

வடக்கே 'தவாயிஃப்' எனப்பட்ட கணிகையரின் கல்வியை நாம் புரிந்துகொள்ள அரங்கேற்று காதையை நினைத்துக்கொண்டால் போதும். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறினாள். கௌஹர் 1887இல் தர்பங்கா அரசவையில் முதன்முதலாகப் பாடியபோது வயது பதினான்கு. அதற்குள் பட்டியாலா காலே கானிடம் பாட்டு, பிந்தாதீன் மகராஜிடம் கதக் என்று பல வாசல்கள் ஏறியிருந்தார். வங்காளக் கீர்த்தனையும் கற்றார். தாய் கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர். மகளும் கஜல் எழுதினார். அவையில் எவரை எப்படி விளிப்பது, பேச்சை எந்த இடத்தில் நிறுத்துவது என்பவையும் பாடத்தில் சேர்ந்தவையே. பெரிய வீட்டுப் பிள்ளைகளை நடைமுறை நாகரிகம் கற்றுவர இந்தப் பெண்களிடம் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது.

பிந்தாதீன் கற்பித்த தும்ரியின் சாரம், பாடும் ஒரே அடியை இருந்த இடத்திலிருந்தே முகத்தாலும் கையாலும் பலவாறு விரித்துக் காட்டுவது. அதற்கு இரவு வேண்டும், நெருங்கி அமர்ந்த சிறு கூட்டம் வேண்டும். 1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவுக்கு வந்தபோது இவை எதுவும் இல்லை. விடுதி அறை, சுவரிலிருந்து நீண்ட குழல், கணக்காக ஏறக்குறைய மூன்று நிமிடம். குழலுக்குக் கண் கிடையாது. புருவத்தால் சொல்லிவந்ததைக் குரலாலேயே சொல்லவேண்டும்; ஆலாபனை சில விநாடிகளில் அடங்கவேண்டும். உஸ்தாதுகள் பலர் தயங்கி ஒதுங்கிய அந்தக் குழலின் முன்னே கௌஹர் நின்றார். யாரும் கற்றுத்தராத பாடம் அது. பின்னாளில் நாம் 'துக்கடா' என்று கேட்டுப் பழகிய கட்டுக்கோப்புக்கு அவருடைய தட்டுகளும் ஒரு மூலம் என்பது என் கணிப்பு. பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் அறுநூறுக்கும் அதிகமான பதிவுகள் அவருடையவை.

பணம் குவிந்தது, வழக்குகளும் குவிந்தன. மல்கா ஜான் இறந்தபின், வீட்டில் வளர்ந்த வேலைக்காரியின் மகன் தானே வாரிசு என்று நீதிமன்றம் ஏறினான். தன் பிறப்பை நிரூபிக்க, சிறுவயதில் பிரிந்த தந்தையைத் தேடிப்போக வேண்டியதாயிற்று கௌஹருக்கு. வென்றார். ஆனால் செயலாளராக இருந்து கணவரானவரோடு நேர்ந்த சொத்துத் தகராறு அவரை மேலும் கரைத்தது. அவைகளை ஆளக் கற்றவர் பத்திரங்களைப் படிக்கக் கற்கவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய்வழியில் சொத்து இறங்கும் ஒரு வீட்டைத் தந்தைபெயர் கேட்கும் சட்டம் எடைபோட்ட கதை அது. நம் தேவதாசிக் குடும்பங்களும் நீதிமன்றங்களில் இதே எடைக்கல்லைச் சந்தித்தன.

1928இல் மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு அவரை அரண்மனைப் பாடகியாக நியமித்தார். ஒன்றரை ஆண்டுதான் அங்கே இருந்தார். 1930 ஜனவரி 17 அன்று மைசூரிலேயே இறந்தார்.