வில்வண்டி முதல் காற்று ஸ்பிரிங் வரை



கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை நம் தாத்தா பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர். கட்டை வண்டியில் அச்சின் மேல் நேராகப் பலகை. சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி முழுவதும் முதுகெலும்புக்கு வந்து சேரும். வில்வண்டியிலோ, அச்சுக்கும் பலகைக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருக்கும். அடியை வில் வாங்கிக்கொள்ளும். ஆகவே வில்வண்டி பண்ணையாரின் வண்டியாயிற்று. கட்டை வண்டி மூட்டைக்கும் கூலியாளுக்கும் உரியதாயிற்று.

இந்தப் பழங்கதையை இன்று எடுப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தை விட்டுப் பட்டணம் சென்று நல்ல வேலையில் அமர்ந்த நம் பிள்ளைகள் சிலர், சொகுசு எஸ்.யூ.வி. எனப்படும் உயரமான சிறு கார்களைத் தவணையில் வாங்குகின்றனர். சாதா ஸ்பிரிங் வேண்டுமா, மின்னணு அப்சார்பர் வேண்டுமா, காற்று ஸ்பிரிங் வேண்டுமா என்று விற்பனையாளர் கேட்கிறார். ஒன்றைவிட மற்றொன்று விலை கூடுதல். பல ஆண்டுகள் கட்டப்போகும் பணம் அது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லதன்றோ? அதற்கு இருநூறு ஆண்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் முதலில் வண்டியின் கூட்டைத் தோல் வார்களில் தொங்கவிட்டனர். தொங்குதல் என்னும் பொருளுடைய 'சஸ்பென்ஷன்' என்ற சொல்லையே இன்றும் பட்டறைகளில் கேட்கிறோம். 1804ஆம் ஆண்டளவில் லண்டனில் ஒபடையா எலியட் என்பவர், எஃகுப் பட்டை விற்களை அச்சின் மேல் நேராகப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வண்டிகள் இலேசாயின, பயணம் இதமாயிற்று.

இதமான பயணம் எல்லாருக்கும் கிடைத்ததா? 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தம் சாதி மக்கள் நடக்கவும் விடப்படாத பொதுச் சாலையில் துணிந்து ஓட்டிச் சென்றார். தடுக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார். வண்டியின் வில்லுக்குள் மரியாதையும் அடங்கியிருந்ததை அவர் அறிந்திருந்தார்.

வில்லுக்கு அடுத்து வந்தது ரப்பர். காற்றடைத்த சக்கரத்துக்கு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் தாம்சன் 1845லேயே காப்புரிமை பெற்றிருந்தும் அது பரவவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்து கொடுத்தார். அதன் பிறகே அது உலகைப் பிடித்தது. 1895இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் பஞ்சர், ஆயினும் ஊர் போய்ச் சேர்ந்தனர்.

டயருக்கு ரப்பர் வேண்டும். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள் மலாயாவின் காடுகளை விழுங்கின. நம் மூதாதையர் கப்பலேறினர். மேல்நாட்டான் முதுகு நோகாமல் சவாரி செய்வதற்காக, நம் பாட்டிமார் விடியுமுன்னே பால் வாளியோடு குனிந்தனர். மோட்டார் வாகன வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும். நாம் அப்படிக் கடக்க இயலாது.

இனி காருக்கு வருவோம். 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டா கார், முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறியிறங்கும் அமைப்போடு வெளிவந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதையும் இழுத்துச் சாய்க்காது. அதைவிட நமக்குச் சுவையானது மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் ஆராய்ச்சி. ரோல்ஸ் ராய்சிலிருந்து அமெரிக்காவின் காடில்லாக்குக்கு வந்த அவர், பாரக்கட்டிகளை முன்னும் பின்னும் மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரில் ஆட்களை ஏற்றி, எந்த ஆட்டம் வசதி, எது குமட்டல் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாயிருக்க வேண்டும் என்று கண்டார். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது. பின் சக்கரம் ஒரு நொடிப் பொழுது கழித்து ஏறுகிறது. பின்பக்கம் சற்று விரைவாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். கார் மூக்கைத் தூக்கித் தூக்கி ஆடாமல், மட்டமாக ஏறி இறங்கும். தொட்டில் ஆட்டும் தாய்க்கு இந்தக் கணக்கு கையிலேயே இருக்கிறது!

பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1948இல் காட்டிய 2சிவி என்ற எளிய கார் குடியானவர்களுக்காகவே பிறந்தது. இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்பது பியர் புலான்ஜே இட்ட நிபந்தனை. மலிவான காரிலும் இதமான சவாரி தரலாம் என்று அது காட்டிற்று. அதே நிறுவனம் 1955இல் டி.எஸ். காரைக் கொண்டுவந்தது. அதில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதில் உருண்டைகளில் அடைத்த நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் காரைத் தாங்கின. 1962 ஆகஸ்டில் அதிபர் டிகோலைக் கொல்லச் சுட்டபோது, டயர்கள் வெடித்தும் அவருடைய டி.எஸ். ஓடித் தப்பியது.

காற்று ஸ்பிரிங் அவ்வளவு எளிதில் நிலைபெறவில்லை. 1957இன் காடில்லாக் எல்டொராடோ புரோகம் அதைப் பெருமையோடு சுமந்து வந்தது. காற்று கசிந்தது, சொந்தக்காரர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சாதா ஸ்பிரிங் போட்டுக்கொண்டனர். 1970இன் ரேஞ்ச் ரோவர் நீண்ட சுருள் ஸ்பிரிங்குகளோடு காட்டையும் மேட்டையும் கடந்தது. 1992இல்தான் அதற்குக் காற்று ஸ்பிரிங் வந்தது. 2002இல் காடில்லாக் செவில் காரில் காந்தத் துகள் கலந்த எண்ணெயுள்ள அப்சார்பர் வந்தது. மின்சாரம் பாய்ந்தால் அந்த எண்ணெய் இறுகும். சிறு சொகுசு எஸ்.யூ.வி.க்களிலும் இவை பரவின. 2011இன் ரேஞ்ச் ரோவர் இவோக்கில் காந்த அப்சார்பரையும், 2014இன் போர்ஷே மக்கானிலும் 2015இன் மெர்சிடிஸ் ஜி.எல்.சி.யிலும் காற்று ஸ்பிரிங்கையும் விரும்பினால் கேட்டுப் பெறலாம் என்றனர்.

சிறு எஸ்.யூ.வி.க்கு இதமான சவாரி தருவது கடினம். கார் உயரம், வளைவில் சாயாதிருக்க ஸ்பிரிங்கை இறுக்குகின்றனர். முன்பின் சக்கரங்களுக்கு இடைவெளி குறைவு, மூக்காட்டம் அதிகம். போதாததற்கு, அழகுக்காக 20, 21 அங்குலச் சக்கரம் மாட்டுகின்றனர். சக்கரம் பெருத்தால் டயரின் பக்கச்சுவர் குறுகும். அடியை வாங்க ரப்பர் மிஞ்சாது. குழியில் விழுந்தால் டயரும் வளையமும் சேர்ந்து போகும். அப்சார்பருக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, பெரிய சக்கரத்தால் அந்தச் சுகத்தைத் திருப்பிக் கொடுப்பவர்களைக் கண்டு வியக்கிறோம்.

எம் கருத்து இது. 18 அங்குலச் சக்கரத்தோடு வரும் சாதா ஸ்பிரிங் கார், கம்பத்துச் சாலைக்குப் போதும்; பத்து ஆண்டு கழித்துப் பழுதானாலும் எந்தப் பட்டறையிலும் சீர்செய்யலாம். முதியவரும் நோயாளியும் உள்ள வீட்டார் மின்னணு அப்சார்பருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்; பட்டணச் சாலையில் மென்மையாகவும் நெடுஞ்சாலையில் இறுக்கமாகவும் அது மாறிக்கொள்ளும். காற்று ஸ்பிரிங்கின் அருமை பாரம் ஏற்றினாலும் கார் தாழாமலிருப்பதில் உள்ளது. ஆனால் அந்தக் காற்றுப் பைகளும் ரப்பரே. நாள்பட்டால் வெடிப்பு விடும். மாற்றும் செலவு சிறிதன்று. உத்தரவாதக் காலத்துக்குப் பிறகும் அதே காரை வைத்திருக்க எண்ணுவோர் விலையை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது முன்னிருக்கையில் அமர்ந்து மகிழ்ந்துவிட வேண்டா. அம்மாவைப் பின்னிருக்கையில் அமரச் செய்து, வேகத்தடைகளின் மேலும் செம்மண் சாலையிலும் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். ஒவ்வொரு மேட்டிலும் அவர் கை மேற்பிடியைத் தேடுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.