மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பாடல்களும் இசை நாடக மரபும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நுழைவு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிறுவனத்தின் எச்சமாக இன்று கண்ணில் படுவது அந்த வளைவுதான். 1937-ல் வெளிவந்த 'சதி அகல்யா' தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அந்நிறுவனம் தயாரித்தது. அதன் தொழில் ஒழுங்கு, நிறுவனர் டி.ஆர். சுந்தரத்தின் கண்டிப்பு, முதல் மலையாளப் பேசும்படம், முதல் தமிழ் வண்ணப்படம் ஆகியவை பலமுறை எழுதப்பட்டுள்ளன. அப்படங்களின் பாடல்கள் தமிழ் இசை நாடகத்திலிருந்து எதைப் பெற்றன, எதை இழந்தன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அமெரிக்காவின் பிராட்வே இசை நாடகங்களையும் அருகில் வைத்துக் கேட்டால் இக்கேள்வி மேலும் தெளிவாகிறது.

இசை நாடகப் பின்னணி

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களில் பாடல் இடைச்செருகல் அல்ல. பாத்திரம் மேடைக்கு வருவதும், தன்னை அறிமுகம் செய்துகொள்வதும், எதிராளியுடன் வாதிடுவதும் பாட்டில்தான். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் நடத்தும் தர்க்கம் கேள்வியும் பதிலுமாகப் பாடலிலேயே வளர்கிறது. பாடத் தெரியாதவர் அம்மேடையில் நடிகராக முடியாது. 1918-ல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும், அக்காலத்தின் பிற பாய்ஸ் கம்பெனிகளிலும் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் சேர்த்தே கற்பிக்கப்பட்டன.

இம்மரபின் குரல்களாக எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906–1933) கே.பி. சுந்தராம்பாளும் (1908–1980) விளங்கினர். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடவேண்டியிருந்ததால் உச்ச சுருதியே நடிகரின் முதல் தகுதியாயிற்று. இருவரின் பாடல்களும் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மேடையில் ரசிகர் கேட்கக் கேட்க நீண்ட பாடல் தட்டில் அந்த மூன்று நிமிடத்துக்குள் சுருங்கியது. இன்று கிட்டப்பாவைக் கேட்பவர் கேட்பது அவரது மேடைப் பாட்டின் சுருக்கத்தை மட்டுமே.

1931-ல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கியபோது, அது மேடையை அப்படியே எடுத்துக்கொண்டது. 1934-ல் வெளியான 'பவளக்கொடி'யில் ஐம்பது பாடல்கள் இருந்தன. அதில் நாயகனாக அறிமுகமான எம்.கே. தியாகராஜ பாகவதரும் மேடையிலிருந்து வந்தவர்.

சுந்தரமும் சேலமும்

திருச்செங்கோட்டில் 1907-ல் பிறந்த டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். அவருக்கு நாடக மேடைப் பின்னணி இல்லை. படத்தயாரிப்பை ஓர் ஆலையைப் போல நேரக் கணக்குடன் நடத்தலாம் என்பது அவர் கொண்டுவந்த பார்வை. நடிகர், எழுத்தாளர், இசைக்கலைஞர் ஆகியோர் மாதச் சம்பளத்தில் ஒரே வளாகத்தில் பணியாற்றினர். ஏற்காட்டுச் சாலையோரம் அமைந்திருந்ததால் பாறையும் சரிவும் காடும் வெளிப்புறக் காட்சிகளுக்கு அருகிலேயே கிடைத்தன.

மேடையும் ஆலையும் சந்தித்த இடம் இது. மேடையில் ஒரு பாடல் எவ்வளவு நேரம் நீளும் என்பதை நடிகரும் அவையும் தீர்மானித்தனர். இங்கே அதைக் கதையும் படச்சுருளின் அளவும் தீர்மானித்தன.

உத்தம புத்திரன், மனோன்மணி

1940-ல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த அவர் தம் பாடல்களைத் தாமே பாடினார். ஒரே குரல் இரு பாத்திரங்களுக்குப் பாடவேண்டிய தேவையை இப்படம் உண்டாக்கியது. மேடையில் பாடகரின் குரல் எப்போதும் பாடகரின் குரல்தான். ரசிகர் கேட்க வந்தது கிட்டப்பாவை, முருகனை அல்ல. திரையில் அந்தக் குரல் பாத்திரத்துக்குக் கட்டுப்படவேண்டிய நிலை மெல்ல உருவானது.

1942-ல் வெளிவந்த 'மனோன்மணி' பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891) நாடகத்தை அடிப்படையாகக் கொண்டது. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கவிதைக் கதை ஒன்றைத் தழுவிச் சுந்தரம் பிள்ளை எழுதிய அந்நாடகம் படிப்பதற்கான செய்யுள் நாடகம். சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்த படம், அதைக் கொட்டகை ரசிகருக்கான பாடல் படமாக்கியது. நூலின் தத்துவ விவாதங்களுக்குப் பாடல்களிடையே இடம் குறைவு. ஆயினும் கல்லூரிப் பாடமாக இருந்த ஒரு நூலின் கதை எழுத்தறியாதவர் காதுக்கும் சென்றது இப்படத்தால்தான்.

மந்திரிகுமாரியின் மலையுச்சிப் பாடல்

மாடர்ன் தியேட்டர்ஸ் பாடல்களில் தனியே வைத்துப் பேசவேண்டியது 1950-ல் வெளிவந்த 'மந்திரிகுமாரி'யின் மலையுச்சிப் பாடல். குண்டலகேசி கதையின் பகுதியைக் கொண்டு மு. கருணாநிதி எழுதிய நாடகமே இப்படமாயிற்று. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கினர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்த டங்கனுக்குத் தமிழ் தெரியாது. இசை ஜி. ராமநாதன்.

ராஜகுருவின் மகனும் மறைமுகக் கொள்ளையனுமான பார்த்திபன், தன் மனைவியாகிய மந்திரிகுமாரியைக் கொல்லும் நோக்கத்துடன் மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அப்பாடல் மேலோட்டமாகக் கேட்டால் காதல் பாடல். அழைப்பும் கொஞ்சலும் மட்டுமே காதில் விழுகின்றன. கதை அறிந்தவருக்கு ஒவ்வோர் அழைப்பும் சாவை நோக்கிய ஓர் அடி. பாடல் முடியும் இடத்தில் அவன் தன் எண்ணத்தைச் சொல்கிறான். கணவனை மும்முறை வலம்வந்து சாக விரும்புவதாகச் சொல்லும் அவள், மூன்றாம் சுற்றில் அவனையே பள்ளத்தில் தள்ளுகிறாள்.

இப்பாடலை நீக்கினால் படத்தில் ஒரு பாடல் குறைவதோடு நிற்காது. கொலைக்கு முந்தைய நடுக்கமே இல்லாமற் போகும். இசை ஒன்றைச் சொல்ல, கதை அதற்கு நேர்மாறானதைச் சொல்லும் இந்த அமைப்பு பழைய மேடையில் அரிது. அங்கே பாத்திரம் நினைப்பதையே பாடும்.

பிராட்வேயுடன் ஓர் ஒப்பீடு

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளிலும் நீண்ட காலம் பாட்டும் கதையும் தனித்தனியே நின்றன. ஜெரோம் கெர்ன் இசையில் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் எழுதிய 'ஷோ போட்' (1927) இவற்றை இணைத்தது. ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் உருவாக்கிய 'ஒக்லஹோமா' (1943) அந்த இணைப்பை வழக்கமாக்கியது. அந்நாடகம் 2,212 முறை மேடையேறியது. அதே ஆண்டில் மேடைக் குழுவினரே பாடிய இசைத்தட்டுத் தொகுதியை டெக்கா நிறுவனம் வெளியிட்டது. அதன்பின் ஒவ்வொரு வெற்றி நாடகத்தையும் அதன் முதல் குழுவின் குரலிலேயே பாதுகாக்கும் பழக்கம் வேரூன்றியது. 1956-ன் 'மை ஃபேர் லேடி'யையும் 1957-ன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யையும் இன்றும் வரிசையாகக் கேட்டு எடைபோட முடிவது அதனால்தான்.

சங்கரதாஸ் சுவாமிகளின் மேடை பாட்டிலேயே கதை நடத்தும் கலையை 'ஷோ போட்'டுக்கு முன்பே கொண்டிருந்தது. ஆனால் முழு நாடகத்தையும் முதல் குழுவின் குரலில் தொகுத்துவைக்கும் ஏற்பாடு இங்கே உருவாகவில்லை. ஆகவே தமிழ் மேடையின் பாட்டு எப்படியிருந்தது என்பதற்கு, தனித்தட்டுகளோடு, மேடையிலிருந்து வந்த நடிகர்களின் படங்களும் சான்றாகின்றன. அவற்றிலும் தொடக்கக் காலப் படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்று இல்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் சொற்கள் இருக்கின்றன, குரல் இல்லை.

அலிபாபாவும் மாற்றமும்

1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முதல் தமிழ் வண்ணப்படம். இதே அரபுக் கதையை 1916-ல் லண்டன் மேடை 'சூ சின் சௌ' என்ற இசை நாடகமாக்கி இரண்டாயிரம் முறைக்கு மேல் நடத்தியது. எஸ். தட்சிணாமூர்த்தி இசையமைத்த தமிழ்ப் படத்தின் பாடல்கள் எளிய மெட்டில், ஒருமுறை கேட்டதும் மனத்தில் நிற்கும்படி அமைந்தன. பி. பானுமதி நடித்துக்கொண்டே தாமே பாடினார். எம்.ஜி.ஆருக்குப் பிறர் பாடினர். பாடி நடிக்கும் பழைய முறையும் பின்னணிக் குரல் என்னும் புதிய முறையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து ஒலிப்பதை இதில் கேட்கலாம். பின்னர் புதிய முறையே நிலைத்தது.

மதிப்பீடு

திரைப்படம் இசை நாடகத்தை அழித்தது என்ற கருத்து பொதுவாகச் சொல்லப்படுகிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் பாடல்களை ஆண்டு வரிசையில் கேட்பவர் இதைப் பாதி உண்மை என்றே கொள்ளவேண்டும். உச்ச சுருதிப் பாட்டும், அவையோடு உரையாடும் சுதந்திரமும், விடிய விடிய வளரும் தர்க்கமும் போயின. 'மந்திரிகுமாரி'யின் பாடலைப் போல, சில நிமிடங்களில் கதையின் திசையையே சுமக்கும் பாடல் வந்தது. இழப்பு பெரியது. கிடைத்ததும் சிறியதல்ல.

வள்ளி திருமணம் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் இன்றும் நடிக்கப்படுகிறது. அக்கலைஞர்கள் தர்க்கத்தை ஆர்மோனியத்தோடு இன்றும் பாடுகின்றனர். பிராட்வே தன் முதல் குழுக்களுக்குச் செய்த பதிவை அவர்களுக்கும் முழு இரவு நாடகமாகச் செய்வது இப்போதும் இயலக்கூடியதே. ஏற்காட்டுச் சாலையில் வளைவு மட்டும் மிஞ்சியதுபோல இங்கும் பெயர் மட்டும் மிஞ்சாதிருக்க அதுவே வழி.