கரியமிலவாயுவும் காரண நிர்ணயமும்

1938ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லண்டன் ராயல் வானிலைச் சங்கத்தின் கூட்டத்தில், வானிலை சாஸ்திரத்தைத் தொழிலாகக் கொள்ளாத நீராவிப் பொறியியலாளரான கை ஸ்டூவர்ட் காலண்டர் என்பவர், முந்தைய அரை நூற்றாண்டில் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதன் ஏறத்தாழ 15,000 கோடி டன் கரியமிலவாயுவைக் காற்றில் சேர்த்துவிட்டான் என்றும், அதில் முக்கால் பங்கு அங்கேயே தங்கிவிட்டது என்றும், பூமியின் உஷ்ணம் ஏறிவருவதற்கு அது ஒரு காரணம் என்றும் கணக்குக் காட்டினார். சிம்லாவில் பல ஆண்டுகள் பணியாற்றிப் பின்னர் பிரிட்டிஷ் வானிலை இலாகாவின் தலைமைக்கு உயர்ந்த சர் ஜார்ஜ் சிம்ப்ஸன், இவ்விரு ஏற்றங்களும் ஒரே காலத்தில் நேர்ந்தது தற்செயலாகவே இருக்கலாம் என்று ஆக்ஷேபித்தார். அந்த ஆக்ஷேபத்தை இன்று எள்ளி நகையாடுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் கண்டு காக்கையின் பாரமே காரணம் என்று துணியலாகாது என்பதைக் காகதாலீய நியாயமாக வகுத்த நம் தார்க்கிகர்களும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

ஆகவே உஷ்ணம் எவ்வளவு ஏறிற்று என்ற தொகையைக் கொண்டு இவ்விவாதத்தைத் தீர்க்க இயலாது. குறிப்பிட்ட ஒரு காரணமே விட்டுச்செல்லக்கூடிய அடையாளம் காரியத்தில் காணக்கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் வாயுவை எடுத்துக்கொள்வோம். 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த கரியமிலவாயு, இன்று 420ஐக் கடந்துவிட்டது. அந்த வரைகோடு நேராக ஏறவில்லை. வட அரைக்கோளத்தில் தழைகள் துளிர்த்து வாயுவை உண்ணும் கோடையில் சரிந்து, அவை உதிர்ந்து மக்கும்போது மீண்டும் எழுந்து, ரம்பத்தின் பற்களைப்போல் ஆண்டுதோறும் ஒரு படி மேலேறுகிறது. மிகுதியாகச் சேர்ந்த வாயு எங்கிருந்து வந்தது? கதிரியக்கமுள்ள கரி-14 நெடுங்காலம் புதைந்து கிடந்த நிலக்கரியில் அற்றுப்போயிருக்கும். காற்றில் அதன் விகிதம் குறைந்திருப்பதை 1955இல் ஹான்ஸ் ஸுயெஸ் மரங்களின் கட்டையை ஆராய்ந்து காட்டினார். ஆனால் எரிமலை உமிழும் வாயுவிலும் கரி-14 இல்லை. கரி-14 ஒன்றையே சான்றாக உயர்த்திப் பிடிக்கும் உற்சாகிகள் இதை மறந்துவிடுகிறார்கள். ஐயத்தை அகற்றுவது கரி-13. தாவரங்கள் லேசான கரி-12ஐயே விரும்பி ஏற்பதால், பண்டைத் தாவரமாகிய நிலக்கரியில் கரி-13 குன்றியிருக்கிறது. எரிமலை வாயுவில் அவ்வளவு குறைவில்லை. காற்றிலோ அதன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. உடன் பிராணவாயுவும் எரிபொருள் உண்ட அளவுக்கேற்பக் குறைகிறது. கடல் கக்கிய வாயு என்பதற்கும் இடமில்லை, கடலில் கரையும் கரியின் அளவு கூடியே வருகிறது.

அடுத்து, சூரியனே காரணம் என்போரின் வாதம். 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வான் ஆய்வகத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனின் முகத்தை நாள்தோறும் கண்ணாடித் தகடுகளில் பதித்துவைத்திருக்கிறார்கள். அத்தகடொன்றை ஒளிக்கெதிரே தூக்கிப் பிடித்தால் சூரியப் புள்ளிகள் தெரியும். அப்புள்ளிகள் 1957–58இல் உச்சத்தை எட்டின. 2008இல் பிறந்த சுழற்சி ஒரு நூற்றாண்டில் மிகப் பலவீனமானவற்றுள் ஒன்று. உஷ்ணமோ இந்தத் தளர்ச்சியின் காலத்திலேயே விரைந்து ஏறியது. இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. சூரியன் மிகுந்து காய்ந்தால் வாயுமண்டலத்தின் கீழ்ப்பகுதியும் மேற்பகுதியும் சேர்ந்தே சூடேற வேண்டும். கரியமிலவாயு பெருகினால் கீழ்ப்பகுதி சூடேற, மேற்பகுதி அவ்வாயுவின் மூலம் தன் உஷ்ணத்தை வானவெளிக்கு மிகுதியாக இழந்து குளிர வேண்டும் என்று 1967இல் மனாபேயும் வெதரால்டும் கணித்தார்கள். பிற்காலத்துப் பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்தது அந்தக் குளிர்ச்சியையே.

அண்டார்டிக்காவின் பனிக்கட்டிகளில் பண்டைக் காலத்து உஷ்ணம் முதலில் ஏறி, வாயு பின்னர் ஏறியதாகக் காண்கிறதே என்பர். உண்மைதான், பூமியின் பாதை சிறிது மாறியதால் தொடங்கிய வெப்பம் கடலிலிருந்து வாயுவை விடுவித்தது, அவ்வாயு வெப்பத்தை மேலும் வளர்த்தது. இதைக் காட்டி வாயுவினால் வெப்பம் விளையாது என்பது, கோழி முட்டையிலிருந்து பிறந்ததைக் காட்டி, கோழி முட்டையிடாது என்று வாதிப்பதை ஒக்கும்.

தீராத கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. வாயு இருமடங்கானால் உஷ்ணம் 2.5 டிகிரி ஏறுமா, 4 டிகிரி ஏறுமா என்பது பெரிதும் மேகங்களின் போக்கைப் பொறுத்தது. அதில் வல்லுநர்களிடையே இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு. இடையில் 1940களுக்குப் பின் ஏற்றம் நின்று சற்றே தணிந்ததற்கு, அதே புகைபோக்கிகள் கக்கிய கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பியதும் ஒரு முக்கிய காரணம் என்று பின்னர் அறிந்தோம். காலண்டருக்கு அது தெரியவில்லை. இந்த வெப்பம் பனியுகத்தின் மீட்சியைத் தள்ளிப்போடும் நன்மையென்றே கருதிய அவர், 1962–63இல் இங்கிலாந்தை உறையவைத்த கொடுங்குளிரையும் கண்டு 1964இல் காலமானார். அப்போது மௌனா லோவாவின் வரைகோட்டில் ஆறு பற்களே ஏறியிருந்தன.