குளக்கட்டும் ஆழ்நீரின் அழுத்தமும்

வெள்ளவத்தையில் மாடிவீடுகளில் வாழ்வோர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. கூரையின்மேல் ஒரே தொட்டிதான். எனினும் மேல்மாடிக் குழாயில் நீர் மெலிந்து ஒழுக, கீழ்மாடிக் குழாயிலோ சீறிப் பாயும். தலைக்குமேல் நிற்கும் நீரின் உயரம் கூடுந்தோறும் அதன் அழுத்தமும் கூடும் என்பதே காரணம். ஒரு கன அடி நீரின் நிறை ஏறக்குறைய 62.4 இறாத்தல். ஆகவே 3 அடி ஆழத்தில் ஒரு சதுர அடிப் பரப்பை 187 இறாத்தலும், 30 அடி ஆழத்தில் 1,870 இறாத்தலும் அழுத்தும்.

நீர்ப்பரப்பின் அகலம் இக்கணக்கில் இடம்பெறாது என்பதே வியப்பு. வெள்ளவத்தைக் கடல் எத்துணை பரந்ததாயினும், 10 அடி ஆழத்தில் அது தரும் அழுத்தம் கொட்டாஞ்சேனைக் கிணறொன்றில் அதே ஆழத்தில் உள்ளதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். உப்பு நீர் சற்றுக் கனமானது, அவ்வளவே. ஐரோப்பாவிலே சைமன் ஸ்டெவின் என்பார் 1586-இல் இவ்வுண்மையை நூலில் எழுதினார். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னரே நம் நாட்டுக் குளம் அமைத்தோர் இவ்வழுத்தத்தோடு போராடி வந்தனர்.

குளக்கட்டின் அடி அகன்று முடி ஒடுங்கியிருப்பது இதனாலேயாம். ஆனால் கட்டைவிடக் கடினமானது துருசு எனும் மதகு. நீரை வெளிவிட, கட்டின் அடியிலேயே வழி வேண்டும். அங்கேதான் அழுத்தம் மிகுதி. தமிழ்நாட்டு ஏரிகளில் குமிழித்தூம்பு வழங்கியது. ஆழம் குறைந்த ஏரியில் அதன் அடைப்பைத் தூக்க மனித வலு போதும். 30 அடி ஆழத்திலோ, 4 சதுர அடிக் கதவொன்றின்மீது 3 தொன்னுக்கு மேற்பட்ட சுமை விழும். கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். திறந்துவிட்டாலோ, பீறிடும் நீர் மண்ணை அரித்துக் கட்டையே குடையும்.

மகாசேனன் காலத்து மின்னேரியா போன்ற பெருங்குளங்களை ஆக்கிய மரபினர் இதற்குக் கண்ட வழி பிசோகொட்டுவ என்பது. கட்டின் உட்சரிவில், செதுக்கிய கற்பலகைகளால் இறுக இழைத்த சதுரக் கிணறு அது. குளத்து நீர் ஒரு கால்வாயால் அதனுள் நுழைந்து, மற்றொன்றால் கட்டின் அடியிற் சென்று வெளியேறும். இங்கு நீர்ப்பாசனப் பொறியியலாளராய் இருந்த ஹென்றி பாக்கர், 1909-இல் வெளியான தம் 'பண்டைய இலங்கை' என்னும் நூலில், கதவை ஏற்றி இறக்கி நீரை அடக்கிய இடம் இதுவே என்று காட்டினார். நீரின் வேகத்தைத் தணிப்பதும் இதன் பணி என்பாருமுளர். இரண்டும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மரக்கதவு மக்கிப் போயிற்று. கல் மட்டும் எஞ்சியிருப்பதால் வாதம் ஓயவில்லை.

குளக்கோட்டன் கட்டியதென்று நம்மவர் மரபு கூறும் கந்தளாய்க் குளத்தை யாவரும் அறிவர். 1986 ஏப்ரல் 20-ஆம் நாள் அதிகாலை, ஊர் உறங்கும் வேளையில் அதன் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருங்குளத்து அடிநீர் கட்டினுள் ஒரு சிறு வழி கண்டுவிட்டால், ஓயாது அழுத்தி அதனை வாய்க்காலாக்கிவிடும். கட்டை மீளக் கட்டினார்கள். கந்தளாய் வயல்களுக்கு நீர் இன்றும் அதன் மதகுகள் வழியேதான் போகிறது.